நீ தட்டிப் பார்க்காத வடக்குச் சுவர்

கண்ணு,

வடக்குச் சுவரடியில் யாரையும் உட்கார விடாதே.

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. நீ வேலை தொடங்கப்போகிற தெருவில் மூன்றாம் வீட்டு வடக்குச் சுவரைத்தான் சொல்கிறேன். மீதியைப் படிப்பதற்கு முன்னால் யாரையாவது அனுப்பி, சுவரிலிருந்து பத்தடி தள்ளிக் கயிறு கட்டச் சொல். அதை ஒட்டிப் பந்தல் போட்டிருந்தால் பிரித்து வேறு பக்கம் போடச் சொல். ஏன் என்று கேட்பார்கள். அப்பா சொன்னார் என்று சொல். கட்டிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு உட்கார்ந்து படி.

போன வாரம் நீ போனில் பேசியது ஒரு வார்த்தை விடாமல் காதில் இருக்கிறது. "அப்பா, பசங்க இருவது பேரு வராங்க. மூணு மாசம் அங்கயே தங்கி கல்லு வேல, சுண்ணாம்பு வேல எல்லாம் கையால செஞ்சே கத்துக்கப் போறாங்க. மொத நாள் நீங்கதான் வந்து பேசணும். மத்த வீட்டுச் செவுரெல்லாம் பொரிஞ்சி கெடக்குது, உங்க செவுரு மட்டும் அப்புடியே நிக்குது. அத நாங்க தொடப்போறதே இல்ல. பந்தலே அத ஒட்டித்தான் போடுறோம்" என்றாய். நான் "பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அம்மா "என்னா சொன்னா பாப்பா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, கூப்புடுறா" என்றேன். ஒண்ணுமில்லை என்று சொல்வது எனக்கு நன்றாகப் பழகிய வேலை. நாற்பது வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

உனக்கு எட்டு வயதிருக்கும்போது சைக்கிள் பாரில் உட்காரவைத்து அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சித்திரை வெயில். நீ ஓடிப்போய் அந்தச் சுவரில் கன்னத்தை வைத்து, "ஜில்லுனு இருக்குதுப்பா" என்றாய். பிற்பாடு காலேஜில் சேரும்போது ஏன் இந்தக் கட்டடப் படிப்பு என்று கேட்டவர்களிடம் அந்தக் கதையைத்தான் சொன்னாயாம். வெயிலில் ஜில்லென்றிருந்த அப்பாவின் சுவர். பெருமையாக வந்து என்னிடமே சொன்னாய். அது ஏன் ஜில்லென்று இருந்தது என்பது நீ கன்னத்தை வைத்த அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். உள்ளே தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. வெளியே போக வழியில்லாத தண்ணீர். வழியை அடைத்தவன் நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஐம்பத்து நாலில் பிரெஞ்சு வெள்ளைக்காரன் நம் ஊரை விட்டு மூட்டை கட்டியபோது எனக்குப் பதினேழு வயது. கொலேழில், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில், படித்துக்கொண்டிருந்தேன். பிரெவே பரீட்சைக்குச் சில மாதங்கள்தான் இருந்தன. என் அப்பா கோர்ட்டில் பிரெஞ்சில் நகல் எழுதுகிற வேலை பார்த்தவர் என்பது உனக்குத் தெரியும். அவரிடம் போய், "அவனே போயிட்டான், அவன் பாஷைய வெச்சிக்கினு நான் என்னா பண்றது?" என்றேன். "அவன் போனா போறான். நீ படிச்சதும் அவன் கூடவே கப்பல் ஏறிடுமாடா? பரீட்சைய எழுதிட்டு எங்கனா போ" என்றார். நான் எழுதவில்லை. புத்தகங்களைப் பொட்டலம் கட்டுகிற கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, அன்று மாலைக்காட்சிக்குப் போனேன். அதற்குப் பிறகு ஒரு சைக்கிள் கடை, ஒரு லாரி, சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிற வேலை. எதிலும் நாலு மாதம் தாண்டவில்லை. எனக்கு எல்லாமே உடனே வேண்டும். இன்றைக்கு ஆரம்பித்தது இன்றைக்கே முடிய வேண்டும். இந்தக் குணம் உன்னிடம் இல்லை. உன் அம்மாவுக்கு நன்றி சொல்.

நீ இப்போது நிற்கிற அந்தத் தெரு அப்போதே ஆளில்லாத தெருதான். பிரெஞ்சு பட்டாளத்தில் சைகோன் வரை போய்விட்டு பென்ஷனோடு திரும்பிய சொல்தா சிப்பாய்கள், ஊருக்கு வடக்கே செம்மண் மேட்டில், சேதராப்பட்டுப் பக்கம் வெட்டிய செம்பாறைக் கல்லைக் கொண்டுவந்து வரிசையாகக் கட்டிய வீடுகள். கொடி மாறியதும் ஒவ்வொரு குடும்பமாகப் பிரான்சுக்குக் கிளம்பிவிட்டது. கூரை விழுந்தது. சுவருக்குள் ஆலங்கன்று முளைத்தது. மேட்டுக்குக் கீழே கடலோரம் இருந்த குப்பத்தை ஒரு ஐப்பசி மழையில் கடல் எடுத்துக்கொண்டு போனது. அந்தக் கொம்யூன் பஞ்சாயத்துக்குத் தலைவராக, மேராக இருந்தவருக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டுக்காரர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிச் சம்மதம் வாங்கினார். வீடில்லாத மீனவக் குடும்பங்களும் வேலையில்லாத வாலிபர்களும் சேர்ந்து அந்த வீடுகளை எடுத்துக் கட்ட வேண்டும், கட்டும்போதே தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும், கட்டிய வீட்டில் அந்தக் குடும்பம் குடியேறலாம். நிபந்தனை ஒன்றுதான். விழுந்த கல்லையே திருப்பி எடுத்து வைக்க வேண்டும். கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு, பக்கத்துப் பனையில் உத்தரம். கிணற்றடித் தளத்துக்கு மட்டும் கொஞ்சம் சிமென்ட் வந்து கொட்டகையில் அடுக்கியிருந்தது. நீ இப்போது எழுதி ஒட்டியிருக்கிற நோட்டீசில் உள்ளது கிட்டத்தட்ட இதேதான். படித்தபோது சிரிப்பு வந்தது. அப்புறம் இதை எழுதக் காகிதம் எடுத்தேன்.

மூன்று வீடு, வீட்டுக்கு ஒரு கூட்டமாக மூன்று ஜமா. எல்லாருக்கும் மேலே ஒரு மேஸ்திரி. கற்றுக்கொடுப்பவர் என்று பேர் அவருக்குத்தான். ஆனால் சுண்ணாம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததைவிட அஞ்சலைக்கு அதிகம் தெரியும். அஞ்சலை சித்தாள். முப்பது வயது இருக்கும். மூலக்குளத்திலிருந்து நடந்தே வருவாள். இடுப்பில் வெற்றிலைப் பை. சுட்ட கிளிஞ்சலைக் குழியில் கொட்டி, தண்ணீர் விட்டு, நீறவைத்து, மேலே தண்ணீர் குறையாமல் வாரக்கணக்கில் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பதம் வந்ததா என்று பார்க்க ஒரே வழிதான் வைத்திருந்தாள். ஆள்காட்டி விரலால் கொஞ்சம் தொட்டு நாக்கு நுனியில் வைப்பாள். சுருக்கென்றால் மூடிவிடுவாள். "இன்னும் கோவமா கீது. வுடு, தணியட்டும்" என்பாள். ஒரு நாள் நான், "அக்கா, பூசுற சுண்ணாம்பத் திங்கிறியே, செவுத்துக்கு மிச்சம் இருக்குமா?" என்றேன். "திங்கிற வாயிக்கே ஆகாதது, நிக்கிற செவுத்துக்கு ஆவுமாடா? நீதான் பிரெவே வரைக்கும் படிச்சவனாச்சே, அதுல இது வரலியா?" என்றாள். தெருவே சிரித்தது. மீன் பிடிக்கிறவர்கள் சிரித்தால் கடல் வரைக்கும் கேட்கும்.

எங்கள் ஜமாவில் கன்னியப்பன் இருந்தார். ஆமாம், உன் கன்னியப்பன் மாமாதான். உன் காதுகுத்துக்கு வஞ்சிரம் கொண்டுவந்தவர், உன் கல்யாணத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாரையும் வரவேற்றவர். அப்போது அவருக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தது. அலையில் கட்டுமரத்தின் மேல் நிற்கிற மாதிரியே சாரத்தின் மேலும் கையை விட்டுவிட்டு நிற்பார். மூன்றாம் வீடு அவர் குடும்பத்துக்கு என்று முடிவாகியிருந்தது. வேலை முடிவதற்குள்ளேயே தெற்கு அறைக்கு ஓலை மேய்ந்து குடிவந்துவிட்டார்கள். அவர் சம்சாரம் எனக்கும் சேர்த்து உலை வைப்பார். நானும் பக்கத்துக் கொட்டகையிலேயே தங்கிக்கொண்டேன். வீட்டில் அப்பா முகத்தைப் பார்க்காமல் இருக்க அது ஒரு சாக்கு.

அப்போதுதான் பெரிய ஆபீசர் ஒருவர் பார்வையிட வருகிறார் என்று தெரிந்தது. வேலை கற்றவர்களில் ஒரே ஒருவனுக்கு நிரந்தர சர்க்கார் உத்தியோகம் என்று பேச்சு. எனக்குத் தூக்கம் போயிற்று. மற்ற இரண்டு வீட்டிலும் பூச்சு முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் வடக்குச் சுவர் கல்லும் மண்ணுமாக நின்றது. அஞ்சலையிடம் போய்ச் சுண்ணாம்பு கேட்டேன். குழியைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் மூணு வாரம் கழிச்சி வா" என்றாள். "ஆபீசர் அடுத்த வாரம் வராருக்கா." "வரட்டும். பூசாத செவுரப் பாத்தா அவுரு கண்ணு அவிஞ்சிடுமா? இன்னும் பூசலன்னு சொல்லு." அது எவ்வளவு எளிதான பதில் பார். இன்னும் பூசவில்லை. இரண்டே வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பன் குடும்பத்தோடு சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். தெருவில் யாரும் இல்லை. கொட்டகையில் இருந்த சிமென்டை எடுத்தேன்; அங்கேயே தங்கியிருந்த என்னிடம்தான் அதன் கணக்கு இருந்தது. பட்டப்பகலில், ஒரே ஆளாக, உள்பக்கமும் வெளிப்பக்கமும் அந்தச் சுவரைச் சிமென்டால் மூடினேன். அது மண்ணையும் சுண்ணாம்பையும் வைத்துக் கட்டிய கல் சுவர். மழையில் நனையும், வெயிலில் காயும், அதன் போக்கில் மூச்சு விடும் என்று அஞ்சலை நூறு தரம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அதெல்லாம் பொம்பளைப் பேச்சாகத்தான் பட்டது. சிமென்ட் புது சர்க்காரின் சரக்கு. சுண்ணாம்பு பழைய காலத்துச் சரக்கு. பெண்கள் குனிந்து அரைக்கிற சரக்கு. அப்படித்தான் என் மூளை அன்று வேலை செய்தது. ஈரம் இழுத்ததும் மேலே இரண்டு கை வெள்ளை அடித்தேன். சாம்பல் நிறம் மறைந்தது. அழகாக இருந்தது. அந்த அழகைப் பார்த்து நானே விசில் அடித்தேன். இதை எழுதும்போது அந்த விசில்தான் அதிகம் குத்துகிறது.

மறுநாள் மேஸ்திரி, "குழியில ஊறினு இருக்குதே, இது எந்தச் சுண்ணாம்பு?" என்று கேட்டார். பழைய குழியில் மிச்சமிருந்தது என்றேன். அவருக்கும் ஆபீசர் வருகிற அவசரம். தலையாட்டிவிட்டுப் போனார். அஞ்சலைக்கு அந்த வாரம் ஜுரம், வரவில்லை. ஆபீசர் வந்தார். கைத்தடியால் ஒவ்வொரு சுவரையும் தட்டினார். எங்கள் சுவரைத் தட்டியதும் நின்றார். மறுபடி தட்டினார். "இத யாரு பூசினது?" நான் முன்னால் போனேன். "பலே" என்றார். உத்தியோகம் எனக்கு என்று அங்கேயே தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் முதல் தடவையாக என் தோளில் கை வைத்தார். அந்தக் கைக்காகத்தான் செய்தேனோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். காரணம் தேடினால் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். சுவருக்குக் காரணம் எதுவும் தேவையில்லை.

அந்த வருஷ மழை பத்து நாள் விடவில்லை. சுவரின் தலையில் கூரை சேர்கிற இடத்தில் இறங்கிய தண்ணீர் உள்ளே போனது. வெளியே வர இரண்டு பக்கமும் வழியில்லை. உள்ளே இருந்த மண் கரைந்து சேறானது. ஒரு நாள் விடிகிற நேரம், உள்பக்கத்துப் பூச்சு பாளம் பாளமாகக் கல்லோடு சேர்ந்து சரிந்தது. அடியில் கன்னியப்பன் படுத்திருந்தார். தெற்கு அறை ஒழுகுகிறது என்று முந்தின நாள்தான் கட்டிலை அங்கே மாற்றியிருந்தார். "செவுரு சிமென்ட் மாதிரி கீது தம்பி, அது பக்கத்துல படுத்தா பயமில்ல" என்று என்னிடம்தான் சொன்னார். நான் சிரித்தேன். கல் அவருடைய வலது பாதத்தை நசுக்கியது.

நீ சின்ன வயதில் கேட்டாய், மாமா ஏன்ப்பா கோணிக் கோணி நடக்கிறார் என்று. கடலில் அடிபட்டது என்று சொன்னேன். கடல் மேல் பழி போட்டேன். நீ அதை நம்பினாய். இன்று வரை நம்புகிறாய்.

அவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் போகவில்லை. "நீங்க போங்க, நான் இதயெல்லாம் அப்புறப்படுத்துறேன்" என்றேன். பொறுப்பானவன் என்று நினைத்திருப்பார்கள். சிமென்ட் பாளங்களைப் பொறுக்கிக் கூடையில் அள்ளி, பின்னால் இருந்த பாழுங்கிணற்றில் கொட்டினேன். கடைசிக் கூடையோடு திரும்பும்போது அஞ்சலை வாசலில் நின்றாள். நனைந்த முந்தானை தலையில். என் கையைப் பார்த்தாள். கூடையிலிருந்து ஒரு சில்லை எடுத்தாள். நாக்கு நுனியில் வைத்தாள். காறித் துப்பினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி வந்தார். பின்னாலேயே தெரு ஜனம். அவர் பார்த்தது கல்லும் சேறும் மட்டும்தான். "சுண்ணாம்பு யாரு செஞ்சது?" என்றார்.

"நான்தான் செய்வேன்" என்றாள் அஞ்சலை. "ஆனா இந்தச் செவுத்துல கீறது என் சுண்ணாம்பு இல்ல."

"அப்ப எவன் சுண்ணாம்பு? வெள்ளக்காரன் போவச்சொல்ல குடுத்துட்டுப் போனானா?"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "என் சுண்ணாம்பு குழியிலதான் கீது. வந்து பாரு. இந்தச் செவுத்தப் பத்தி இவனக் கேளு" என்று என்னைக் காட்டினாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளைகளை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் நின்ற கன்னியப்பன் சம்சாரத்தின் சேலை முழுக்க ரத்தம். அந்த அம்மாளும் என்னைத்தான் பார்த்தார். அஞ்சலை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமாக இல்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று கெஞ்சுகிற மாதிரி. எனக்காகக் கெஞ்சுகிற மாதிரி.

"எனக்கென்னா தெரியும் மேஸ்திரி. குடுத்தத பூசினேன். சுண்ணாம்பு ஆறலியோ என்னமோ" என்றேன்.

அவ்வளவுதான். அவள் வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த மழையிலேயே கிளம்பினாள். மேஸ்திரி பின்னாலிருந்து, "இனிமே இந்தப் பக்கம் வராத. ரெட்டியார்பாளையம் வரைக்கும் உனக்கு எவன் வேல குடுக்கறான்னு பாக்குறேன்" என்று கத்தினார். யாரும் கொடுக்கவில்லை. ஒருத்தன் காலை எடுத்தவள் என்று பேராகிவிட்டது. சித்தாளுக்கு அதற்கு மேல் என்ன விசாரணை?

பிறகு நான் செய்ததையும் கேள். இடிந்த உள்பக்கத்தைக் கல் வைத்து அடைத்து, மறுபடி சிமென்டே பூசினேன். இந்தத் தடவை இன்னும் கனமாக. சுவரின் தலையையும் சேர்த்து மூடினேன், தண்ணீர் இறங்காமல். தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தை நினைக்கவில்லை. சுண்ணாம்பு போட்டால் வித்தியாசம் தெரியும், பழைய பூச்சு காட்டிக்கொடுக்கும் என்ற பயம். மேலே வெள்ளை. வருஷா வருஷம் பொங்கலுக்கு நானே போய் அந்த ஒரு சுவருக்கு வெள்ளை அடித்தேன். "கட்டினவனுக்கு எம்மாம் பாசம் பாரு" என்பார் கன்னியப்பன். கட்டுமரம் ஏற முடியாமல் வீட்டில் உட்கார்ந்து வலை பின்னுகிற மனுஷன் எனக்கு மோர் கொடுப்பார். "சுண்ணாம்புக்காரி பண்ண தப்பு தம்பி. நீ என்னா பண்ணுவ. மனசுல வெச்சிக்காத" என்று எனக்கே ஆறுதல் சொல்வார். அவர் கொடுத்தனுப்பிய மீனை நீ முள் எடுத்துச் சாப்பிட்டு வளர்ந்தாய். நான் அந்தக் குழம்பை மட்டும் தொடமாட்டேன். உன் அம்மா எனக்கு மீன் பிடிக்காது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அறுபத்திரண்டில் கையெழுத்தெல்லாம் முடிந்து ஊர் சட்டப்படி நம்முடையதானபோது தெருவெல்லாம் தோரணம் கட்டியிருந்தார்கள். நான் உத்தியோகக்காரன். இஸ்திரி போட்ட சட்டை. பெரிய மார்க்கெட் வாசல் வழியாக வந்துகொண்டிருந்தேன். சாக்கு விரித்து ஒருத்தி வெற்றிலை விற்றுக்கொண்டிருந்தாள். தாண்டிப் போய்விட்டேன். "தம்பி" என்று கூப்பிட்டாள். குரல் தெரிந்தது. ஓடியிருக்கலாம். திரும்பி வந்தேன். அவள் ஒரு கொழுந்து வெற்றிலையை எடுத்து, முந்தானையில் துடைத்து, விரலால் சுண்ணாம்பைத் தடவி, மடித்து நீட்டினாள். "சாப்புடு. நல்லா ஊறின சுண்ணாம்பு. சுடாது." வாங்கிக்கொண்டேன். வாயில் போட முடியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"கன்னியப்பன் நடக்கறானா?"

"நடக்கறாருக்கா. தாங்கித் தாங்கி."

"செவுரு நிக்குதா?"

"நிக்குது."

அவள் வேறொருத்தருக்கு வெற்றிலை எண்ணிக்கொண்டே, தலையைத் தூக்காமல் ஒன்று சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க எனக்கு நேரம் இருந்தது. தைரியம் இல்லை. வெற்றிலை சட்டைப்பையில் இருந்தே வாடிப்போனது. சுண்ணாம்பு பட்ட இடத்தில் துணி பொத்துவிட்டது.

அவள் சொன்னதைக் கேட்டு நான் செய்தது ஒன்றே ஒன்று. மறுநாள் கன்னியப்பனிடம் போய், வடக்கு அறையில் காத்து வராது, வலையைப் போட்டு வையுங்கள், படுக்க வேண்டாம் என்றேன். காத்து வராது என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. அவர் அப்படியே செய்தார். அதனால்தான் அவர் குடும்பம் அந்த வீட்டில் இருந்தவரைக்கும் வேறொன்றும் நடக்கவில்லை. இப்போது அவர் இல்லை. பிள்ளைகள் வேறு இடம் போய்விட்டார்கள். வடக்கு மூலையில் கூரை திறந்து மூன்று மழையாகிறது என்று நீயே சொன்னாய். தலையில் போட்ட சிமென்டும் வெடித்திருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே ஓடு, உள்ளே சேறு. மற்ற சுவர்கள் பொரிந்திருக்கின்றன என்று வருத்தப்பட்டாயே, அவையெல்லாம் நல்ல சுவர்கள். அவை நனைந்தது, காய்ந்தது, வெடித்தது எல்லாம் வெளியே தெரிகிறது. இது ஒன்றுதான் எதையும் காட்டிக்கொள்ளாமல் நிற்கிறது.

உனக்கு என்னைவிட அதிகம் தெரியும். வேறு யார் கட்டிய சுவராக இருந்தாலும் முதல் நாளே விரலால் தட்டி, ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்திருப்பாய். இதைப் பார்க்கவில்லை. அப்பா கட்டியது. அப்பா கட்டியதை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. இனிமேல் தட்டு. எதையும் தட்டு. நான் உனக்கு வாங்கிக்கொடுத்த பேர், சொல்லிக்கொடுத்த ஞாயம், எல்லாவற்றையும் ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு வைத்துக்கொள். வெள்ளை அடித்திருந்தால் சுரண்டு.

வருகிற இருபது பேரில் என்னைப் போல ஒருத்தன் கட்டாயம் இருப்பான். படிப்பைப் பாதியில் விட்டவன், துடுக்குப் பேசுகிறவன், எல்லாரையும்விட வேகமாகப் பூச்சுக் கரண்டி பிடிக்கிறவன். அவனைப் பாராட்டாதே. அவனிடம் போய், "இன்னும் முடிக்கலியா, பரவால்ல" என்று ஒரு தரம் சொல். எனக்கு அதை அஞ்சலை ஒருத்திதான் சொன்னாள். அவள் சொன்னதால் நான் மதிக்கவில்லை. உன் நோட்டீசில் கற்றுக்கொடுப்பவர்கள் என்று ஐந்து பேர் போட்டிருக்கிறாய், ஐந்தும் ஆண்கள். குழி பார்த்துக்கொள்ளப் பெண்கள் வருவார்கள் இல்லையா? அவர்கள் பேரையும் போடு. சுவர் விழுந்தால் அவர்களிடம் முதலில் கேள், ஆனால் குற்றவாளியாகக் கேட்காதே, தெரிந்தவர்களாகக் கேள்.

போன செவ்வாய்க்கிழமை மூலக்குளத்துக்கு பஸ் ஏறினேன். எங்கே பார்த்தாலும் புது வீடு, புது வீடு. யாரிடமாவது அஞ்சலை வீடு எது என்று கேட்க வேண்டும். இருக்கிறாளா என்று கேட்க வேண்டும். நிழற்குடையில் உட்கார்ந்திருந்தேன். திரும்புகிற பஸ் வந்தது, ஏறிவிட்டேன். உன்னிடம் முழுசாகச் சொல்வதாக உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்கிறேன். நாளைக்கு மறுபடி போவேன். உன்னைத் தேடச் சொல்ல மாட்டேன். அது என் வேலை. அவள் இல்லாவிட்டால் அவள் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும், உங்கள் அம்மா யார் காலையும் எடுக்கவில்லை என்று. கன்னியப்பன் பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டும். அந்த வீட்டுப் படி ஏற அதைவிடப் பயமாக இருக்கிறது. ஏறுகிறேன்.

திறப்பு அன்று நான் வருவேன். பேச மாட்டேன். எனக்குப் பதிலாக இந்தக் கடிதத்தை எல்லார் முன்னாலும் படி. ஒரு வரியையும் விடாதே, உனக்குக் கூச்சமாக இருக்கிற இடத்தைக் கட்டாயம் விடாதே. படித்து முடித்ததும், முட்டுக் கொடுத்து, மேலிருந்து பத்திரமாக அந்தச் சிமென்டை உரிக்கச் சொல். அதுதான் அவர்களுக்கு முதல் பாடம். கயிறுக்கு வெளியே நான் நிற்பேன். உரித்துப் போடுகிற பாளங்களை அள்ள ஒரு கூடை மட்டும் கொடு. இந்தத் தடவை கிணற்றில் கொட்ட மாட்டேன். எல்லாரும் பார்க்கிற இடத்தில் குவித்து வைப்பேன்.

மார்க்கெட் வாசலில் அஞ்சலை தலையைத் தூக்காமல் என்ன சொன்னாள் என்று நான் எழுதவில்லை. கவனித்திருப்பாய். அவள் ஞாயம் கேட்கவில்லை, சாபம் விடவில்லை. "அது அடியில யாரையும் உக்கார வுடாத" என்றாள். இந்தக் கடிதத்தின் முதல் வரி என்னுடையது இல்லை கண்ணு, அவளுடையது. சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ப்பதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

கயிறு கட்டிவிட்டார்களா என்று இன்னொரு தரம் போய்ப் பார்.

அப்பா